மூன்று கொமிக்ஸ்காரரும் ஒரு கிளியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் விளையாட்டின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் இதுவும் இன்னொரு விளம்பரமாகிவிடும். விளம்பரத்துக்குக் கொடுத்த காசு எனக்கு ஏற்கெனவே போதும்.

விசயம் என்னவென்றால், 2024 இல் எங்கள் போன் விளையாட்டிலிருந்து பிரித்து ஒரு கிளை விளையாட்டுச் செய்தோம். அதை நாலு பேருக்குத் தெரியப்படுத்த, சொந்தமாகக் கொமிக்ஸ் வரைகிற மூன்று பேரிடம் காசு கொடுத்து வேலை வாங்கினோம். யாழ்ப்பாணத்தில் இப்போது விளையாட்டு, அப் என்று செய்கிற பெடியள் கனபேர் இருக்கிறார்கள். "அண்ணை, கொமிக்ஸ்காரரிடம் குடுத்தீங்களாம், சரிவந்ததோ?" என்று என்னிடம் கேட்டவர்கள் மட்டும் ஐந்தாறு பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டுக் களைத்துவிட்டேன், அதனால் ஒரேயடியாக எழுதுகிறேன்.

நானும் மனுசியின் தம்பியும்தான் மொத்த நிறுவனம். அலுவலகம் என்றால் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு மேல்மாடி அறை. பகலில் இரண்டு பேருக்கும் வேறு வேலை. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், லப்டொப்பில் சார்ஜ் இருக்கும்வரை எழுதி எழுதிக் கிளித்தட்டை ஒரு போன் விளையாட்டாக்கினோம். விளையாடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஒரு பக்கம் குறுக்குக் கோடுகளில் நின்று மறிக்கும், மறுபக்கம் அடிபடாமல் தட்டுத் தட்டாகத் தாண்ட வேண்டும். குறுக்கே நிற்பவர்கள் தங்கள் கோட்டை விட்டு அசைய முடியாது. கிளி மட்டும் நடுக்கோட்டால் ஓடிவந்து அடிக்கலாம். எங்கள் விளையாட்டில் நீங்கள் தாண்டுபவர், கிளி எதிரி. மச்சான் பகிடிக்கு அந்தக் கிளிக்கு உண்மையான பச்சைக்கிளித் தலையை, கோபமான கண்ணோடு, வைத்துவிட்டான். பிள்ளைகள் மற்ற எல்லாரையும் மறந்து கிளியில் பைத்தியமாகிவிட்டார்கள். கனடாவில் இருக்கிற என் சித்தியின் பேத்திக்குத் தமிழ் அரைகுறை. அவளும் கிளியைக் கொப்பியில் கீறிப் படம் எடுத்து அனுப்பினாள்.

சரி, கிளிக்கே தனியாக ஒரு விளையாட்டுச் செய்வோம் என்று இறங்கினோம். இதில் ஓட்டமில்லை. கிளிதான் நீங்கள். எந்தக் கோட்டில் எப்போது நின்றால் எல்லாரையும் மறிக்கலாம் என்று ஆறுதலாக யோசித்து விளையாடுகிற புதிர். அங்கேதான் கஷ்டம் வந்தது. முந்தைய விளையாட்டை வைத்திருந்தவர்கள் இதை அப்டேற் என்று நினைத்து இறக்கினார்கள். இறக்கிவிட்டு, "ஓடுற பட்டினைக் காணேல்ல" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். கதாபாத்திரம் அதே, விளையாட்டு வேறு என்பதை ஒரு விளம்பரப் படத்தில் எப்படிச் சொல்வது? கிளி படத்தைப் போட்டால் அதே விளையாட்டு என்று நினைக்கிறார்கள். புதிர்க் கட்டத்தைப் போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நாலு கட்டம் இருந்தால் சொல்லிவிடலாம் என்று மனுசிதான் சொன்னாள். நாலு கட்டம் என்று அவள் சொன்னது கொமிக்ஸை. நாங்கள் இரண்டு பேரும் விளையாட்டில் இன்னும் நாலு கட்டம் கூட்டச் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு பின்னேரம் முழுக்க அவளோடு கதைத்தோம்.

உலகத்தில் இதை முதலில் செய்தவர்கள் நாங்கள் இல்லை. ஜப்பான் விளையாட்டு நிறுவனமான நம்கோ பண்டாய் 2012 இல் ஷிஃப்டிலுக் என்று ஒரு தளம் தொடங்கி, தன் பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் பாத்திரங்களை இணையத்தில் கொமிக்ஸ் வரைகிறவர்களிடம் கொடுத்தது. 1981 இல் வந்த கலகாவை வைத்து ரயன் நோர்த் போன்றவர்கள் கதை எழுதினார்கள். விண்கலத்தால் பூச்சிகளைச் சுடுகிற விளையாட்டில் என்ன கதை இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் வாசித்தேன். நன்றாகவே சிரித்தேன். 2013 கடைசியில் அதே தளம், இணையக் கொமிக்ஸால் பெயரெடுத்த அன்ட்ரூ ஹஸியைப் பிடித்து, இந்தப் பாத்திரங்கள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துக் காதலிக்கிற நம்கோ ஹை என்ற கிளை விளையாட்டையும் விட்டது. சொனிக் என்கிற நீல முள்ளெலி விளையாட்டிலும் இதே மாதிரி நடந்தது. இணையத்தில் தன்பாட்டில் கொமிக்ஸ் போட்டுக்கொண்டிருந்த டைசன் ஹெஸ்தான் 2017 இல் சொனிக் மேனியாவுக்கு அந்தத் தொடக்க அசைபடத்தைச் செய்தவர். பிறகு சினிமாவில் சொனிக்குக்கு மனிதர் மாதிரி வைத்த பல்லைக் கண்டு உலகமே பயந்தபோது அந்த முகத்தைத் திருத்தக் கூப்பிட்டதும் அவரைத்தான்.

ஷிஃப்டிலுக் 2014 இல் மூடப்பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது.

இனி எங்கள் மூன்று பேர். முதலாவது, மருதனார்மடத்தில் ஓவியம் படிக்கிற ஒரு தங்கச்சி. ஒரு துண்டுக் கொமிக்ஸுக்கு 6,000 ரூபாய், ஐந்து துண்டுக்குப் பேசினோம். மேசை, கணினி ஒன்றும் இல்லை. ரப்பில் ஐபிஸ் பெயின்ட் என்ற வரைகிற அப்பை வைத்துக்கொண்டு பஸ்ஸில்கூட வரைகிற ஆள். விளையாட்டைப் போட்டுக் கொடுத்து ஒரு கிழமை விட்டேன். அவள் அனுப்பிய முதல் துண்டு இப்படி இருந்தது. முதல் கட்டத்தில் பின்னேர வெளிச்சம், பிள்ளைகள் எல்லாம் தட்டுக்குள் ஓடுகிறார்கள், கிளி கோட்டில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டாம் கட்டத்தில் வேலிக்கு அங்காலிருந்து ஒரு அம்மா கூப்பிடுகிறா, ஒரு பிள்ளை போகிறது. மூன்றாவதில் விளக்கு வைக்கிற நேரம், எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். நாலாவதில் இருட்டில் கிளி தனியாக அதே கோட்டில். "என்ர அம்மா எப்ப கூப்பிடுவா?"

அவ்வளவுதான். கிளி தனியாக நிற்கிறது, இனி இது அதன் கதை என்று நாங்கள் மூன்று மாதமாகச் சொல்ல முடியாமல் திண்டாடியதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு கட்டத்திலும் மூலையில் அப்பின் சின்னம் வரவேண்டும், கடைசிக் கட்டத்தில் "இப்போதே பதிவிறக்குங்கள்" என்று இருக்கவேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். பதிவிறக்குங்கள் என்ற சொல்லே பாதிப் பலூனைத் தின்றுவிட்டது. அம்மாவைத் தேடுகிற கிளி கடைசியில் கடைக்காரன் மாதிரிக் கூவிக்கொண்டு நின்றது. அவள் ஒன்றும் பேசாமல் மாற்றித் தந்தாள். நாங்கள் போட்டோம். சொந்தக்காரர் லைக் போட்டார்கள், வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, "அண்ணா, என்ர பக்கத்தில முதல் வரைஞ்சதைப் போடட்டோ?" என்று கேட்டாள். போடு என்றேன். விளையாட்டின் பெயர் அதில் அடியில் சின்ன எழுத்தில் மட்டும்தான். அன்று இரவு மச்சான் மேல்மாடியில் இருந்து கத்திக் கூப்பிட்டான். இறக்குகிறவர்களின் கணக்கு அதுவரை அப்படி ஏறியதை நாங்கள் கண்டதில்லை.

இன்ஸ்டகிராமில் போடும்போது ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு படமாக, தள்ளித் தள்ளிப் பார்க்கிற மாதிரிப் போடச் சொன்னதும் அவள்தான். 1080 க்கு 1350 என்று அளவும் தந்தாள். அப்படிப் போட்டால் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் வாசிக்கிறவரின் விரல் ஒரு நொடி நிற்கும். பகிடி அந்த நொடியில்தான் இருக்கிறது. அச்சில் பக்கம் புரட்டுகிற மாதிரி.

குறை சொல்வதென்றால் நேரம். பரீட்சை வந்தது, பன்னிரண்டு நாள் பிந்தியது. ஐந்தாவது துண்டு அவசரத்தில் வரைந்தது, பார்த்தாலே தெரியும். இருந்தாலும் பிழையில் பெரிய பங்கு என்னுடையது. ஐந்துக்கு நாலரை. அரைப் புள்ளியை எனக்கு நானே வெட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாமவரைப் பற்றிக் கெதியாக முடிக்கிறேன். பின்தொடர்கிறவர்கள் கனக்க உள்ள ஒரு பகிடிப் பக்கக்காரர். ஒரு துண்டுக்கு 20,000 ரூபாய், முழுக்க முற்பணம். அவர் வழமையாகப் போடுகிற அதே இரண்டு முகம், அதே அப்பா மகன் பகிடி, கடைசிக் கட்டத்தில் எங்கள் கிளி. அந்தக் கிளி பறந்தது. கிளித்தட்டில் கிளி எங்கே பறக்கிறது? விளையாட்டை இறக்கிக்கூடப் பார்க்கவில்லை என்று அதிலேயே விளங்கிவிட்டது. பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில், சிரித்தவர்களும் கனபேர். எங்களிடம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சனத்துக்கு முன்னால் கத்துவதற்குத்தான் காசு என்றால் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி விடுகிறவரிடம் கொடுத்திருக்கலாம், அவர் ஊர் முழுக்கவாவது சுற்றுவார். ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று, சொன்ன நாளில் தந்ததற்கு.

இனிக் கொக்குவில் ஐயா.

இவரிடம் போகச் சொன்னவர் எங்கள் தெருவில் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஐயாவுக்கு எழுபதுக்குக் கிட்ட. எண்பதுகளில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் கீறியவர், பிறகு தியேட்டர் கட்டவுட், கடைப் பலகை, கோயில் சுவர் என்று கிடைத்ததெல்லாம் செய்தவர். கொமிக்ஸ் எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் என்றார். 1972 இல் வந்த அதன் முதல் புத்தகமான இரும்புக்கை மாயாவியின் அந்த உலோகக் கையைப் பார்த்துப் பார்த்துக் கீறித்தான் நிழல் போடப் பழகினாராம். ஒரு தகரப்பெட்டி நிறைய வைத்திருந்திருக்கிறார். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் பெட்டியைத் தூக்க ஆளில்லை. "அம்மாவைத் தூக்கினதா, பெட்டியைத் தூக்கினதா தம்பி" என்று விட்டுவிட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஐயாவிடம் ஸ்மார்ட் போன் இல்லை. என் போனைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருபது நிமிசம் விளையாடினார். பிறகு நிமிர்ந்து சொன்னது:

"தம்பி, உங்கட கிளி பிழையா ஓடுது."

"எப்படி ஐயா?"

"எங்கட பக்கம் கிளி சுத்துக்கோட்டாலயும் ஓடும். நீங்கள் நடுக்கோட்டில கட்டிப் போட்டிருக்கிறியள். பாவம்."

எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. நாங்கள் விளையாடியது நடுக்கோடு மட்டும்தான், அதுதான் சரி என்று சொன்னேன். அவர் தன் ஊர் விதியைச் சொன்னார். உள்ளே இருந்து அவரது மனைவி வந்து, தான் பிறந்த ஊரில் வேறு விதி என்று மூன்றாவது கட்சி தொடங்கினா. தேத்தண்ணி ஆறிப்போனது. விளம்பரம் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

நாலு நாளில் கூப்பிட்டார். ஒரு பெரிய வரைதாள், இந்தியன் மையில், ஒன்பது கட்டம். கிளி சுத்துக்கோட்டால் ஓடலாமா இல்லையா என்று இரண்டு ஊர்ப் பெடியள் சண்டை. எட்டுக் கட்டம் சண்டைதான், கட்டத்துக்குக் கட்டம் அவர்களுக்கு வயது கூடுகிறது. மீசை வருகிறது, வேட்டி வருகிறது, கடைசிக்கு முதல் கட்டத்தில் ஒருவர் பனிக்குல்லாவோடு வெளிநாட்டில் நின்று போனில் கத்துகிறார். கடைசிக் கட்டத்தில் அதே கோடு, அதே கிளி, நின்ற நிலையில் நித்திரை. எங்கள் விளையாட்டுக்கு அதில் இருந்த ஒரே தொடர்பு கிளியின் முகம்தான். தங்கச்சியிடம் பட்டதால் இந்தமுறை வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். அவர் கேட்டது 2,500 ரூபாய். நான் கூடக் கொடுத்தேன், எவ்வளவு என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

போனில் போடுவதில் மட்டும் ஒரு சோலி வந்தது. பெரிய தாளை ஒரே படமாகப் போட்டால் எழுத்து எறும்பு மாதிரி. கட்டங்களை வெட்டிப் பிரித்தால், ஐயா அந்தச் சுத்துக்கோட்டை வேண்டுமென்றே ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஓடவிட்டிருந்தார், அது துண்டு துண்டானது. கடைசியில் கொரியாக்காரரின் வெப்டூன் மாதிரி எல்லாக் கட்டத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினோம். கொரிய நிறுவனமான நேவர் 2004 இல் வெப்டூன் தொடங்கியது கணினித் திரைக்கு, ஆனால் உருட்டி வாசிக்கிற அந்த முறை போனுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. கோட்டை ஐயாவே மேலிருந்து கீழாகத் திருப்பிக் கீறித் தந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தந்தார்.

போட்ட அன்றே சண்டை தொடங்கிவிட்டது. பருத்தித்துறைக்காரர் ஒன்று சொல்ல, காரைநகர்க்காரர் ஒன்று சொல்ல, லண்டனில் இருந்து ஒருவர் தன் பள்ளிக்கூட மைதானத்தைப் படம் கீறிக் காட்டினார். யாரும் எங்கள் விளையாட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் தங்கள் கட்சியை நிரூபிக்க எல்லாரும் அதை இறக்கினார்கள், கிளி எப்படி ஓடுகிறது என்று பார்த்துத் திட்டுவதற்கு. ஒரு கிழமையில் மச்சான் "உங்கள் ஊர் விதி" என்று ஒரு தெரிவைப் போட்டான், நடுக்கோடு மட்டுமா, சுத்துக்கோடுமா என்று. ஐயா வரைந்த விளம்பரத்தால் விளையாட்டே மாறியது. காசு கொடுத்து வாங்கிய எந்தச் சேவையும் எனக்கு இப்படி ஒன்று செய்து தந்ததில்லை. ஐந்துக்கு ஐந்து.

இப்போது ஷிஃப்டிலுக் கதை. மூடிய பிறகு அந்தத் தளமும் போய்விட்டது. வரைந்தவர்கள் இருந்தார்கள், வாசித்தவர்கள் இருந்தார்கள், கொமிக்ஸ்கள் இருந்த வீடு இல்லை. நம்கோ ஹையும் 2014 நடுப்பகுதியோடு முடிந்தது, ஒரு வருசம்கூட ஓடவில்லை. ஐயாவின் தகரப்பெட்டியைக் கேட்டபிறகு எனக்கு அது ஒரு மாதிரி உறுத்தியது. எங்கள் அப் எவ்வளவு காலம் இருக்கும் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். வரைந்த பக்கங்கள் வரைந்தவருக்கே. நாங்கள் இரண்டு வருசம் விளம்பரத்துக்குப் பாவிக்கலாம். அவர்கள் அச்சடிக்கலாம், விற்கலாம், கிளியின் முகத்துக்கு எங்களிடம் திரும்பக் கேட்கத் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, காசு கொடுத்தாலும் வரைந்தவர் தன் பெயரைப் போடக் கேட்கிற உரிமை அவரிடமே இருக்கிறது. அதனால் பெயர் எல்லாப் பக்கத்திலும் போட்டோம். பகிடிப் பக்கக்காரர் மட்டும் கையெழுத்து வைக்க வரவில்லை. அவருக்கு அந்தப் பறக்கிற கிளியை என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

அச்சுக் கதை தனி. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடுக்கலாம் என்று தங்கச்சியின் ஐந்தையும் ஐயாவின் ஒன்பது கட்டத்தையும் சேர்த்துப் பதினாறு பக்கச் சின்னப் புத்தகமாக 500 பிரதி அடித்தோம். நான் யுனிகோட்டில் அனுப்பிய அட்டை எழுத்தை அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரும்ப அடித்திருக்கிறார்கள். சரிபார்க்க அனுப்பியபோது என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விரிந்தது. சரியாகத்தான் இருக்கும் என்று "ஓம், அடியுங்கோ" என்றேன். அட்டையில் பெரிதாக வந்தது: "கிழி வருது, ஓடு!"

500 அட்டை. கொண்டுபோய்ப் பிடித்துக் கதைத்தேன், நீங்கள்தானே ஓம் சொன்னீங்கள் என்றார்கள். அதுவும் உண்மைதான். திரும்ப அடிக்கக் காசில்லை. மச்சான் ஒரு யோசனை சொன்னான்: அட்டையின் மூலையில் சின்னதாக ஒரு கோடு போட்டு, "இங்கே கிழி" என்று முத்திரை குத்தி, கியூஆர் குறியை அதற்குப் பின்னால் ஒட்டினோம். ஐயாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. தங்கச்சிக்குத்தான் இன்னும் கோபம்.

திருவிழாவில் வாகனம் விடாத வீதியில், காப்புக்கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் இடையில் நின்று இரண்டு பின்னேரம் கொடுத்தோம். கியூஆரைப் பிடித்துப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் மண்ணில் குந்தியிருந்து வாசித்த பிள்ளைகளை மனுசி படம் எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு சின்னவன் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு என் மனுசியிடம் வந்து, "அன்ரி, கிளியின்ர அம்மா வந்தவவோ?" என்று கேட்டான். அதற்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை. அடுத்த விளையாட்டு அதுதான் என்று மச்சான் அடம் பிடிக்கிறான்.

கொடுக்க நினைக்கிறவர்களுக்கு: தங்கச்சியிடம் போவதென்றால் பரீட்சைக் காலத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள், முதல் வரைந்ததை மாற்றச் சொல்லாதீர்கள். ஐயாவிடம் என்றால் காலையில் போங்கள், மத்தியானம் சாப்பிட்டால் படுத்துவிடுவார். போனில் விளையாட்டைப் போட்டுக்கொண்டு, சார்ஜும் முழுக்க ஏற்றிக்கொண்டு போங்கள். எங்கள் கிளியில் இருபத்தேழாம் கட்டத்தை முடிக்கும்வரை அவர் என் போனைத் திருப்பித் தரவில்லை.